யாரிடம் சான்று கேட்கிறார்கள்? குடியுரிமையும் தேசிய அடையாளமும்

ஒருவர் ஒரு நாட்டின் குடிமகனா என்று கேட்டால் சட்டத்தில் இரண்டே பதில்தான்: ஆம், இல்லை. முக்கால் குடிமகன் என்று யாரும் இருக்கக் கூடாது. ஆனால் தேர்தல் மேடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் கேட்கப்படும் கேள்வி வேறு. 'இவர் உண்மையிலேயே இந்த நாட்டுக்காரர்தானா?' என்று கேட்கிறார்கள். இதற்கான பதில் சட்டப் புத்தகத்தில் கிடைக்காது. கேட்பவரின் மனதில் 'நம்ம ஆள்' என்று ஒரு படம் இருக்கிறது. எதிரே நிற்பவர் அந்தப் படத்துக்கு எவ்வளவு ஒத்துப்போகிறார் என்று அவர் அளந்து பார்க்கிறார்.

முதல் கேள்வி குடியுரிமையைப் பற்றியது, இரண்டாவது தேசிய அடையாளத்தைப் பற்றியது. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவைதான். ஆனால் இரண்டாவது கேள்வியின் பதிலைக் கொண்டுபோய் முதல் கேள்விக்கு எழுதியபோதெல்லாம் லட்சக்கணக்கானவர்கள் வாக்கையும் வீட்டையும், சில இடங்களில் உயிரையும் இழந்திருக்கிறார்கள். அதனால் இரண்டையும் முதலில் தனித்தனியாகப் புரிந்துகொள்வோம்.

குடியுரிமை என்பது ஒரு மனிதருக்கும் ஓர் அரசுக்கும் இடையிலுள்ள சட்ட உறவு. அது இருந்தால் வாக்களிக்கலாம், தேர்தலில் நிற்கலாம், பாஸ்போர்ட் வாங்கலாம், வெளிநாட்டில் சிக்கிக்கொண்டால் தூதரகத்தின் கதவைத் தட்டலாம். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய உரிமை ஒன்று உண்டு: சொந்த நாட்டிலிருந்து யாரும் உங்களைத் துரத்த முடியாது. சாதாரண நாட்களில் இந்த உரிமை நினைவுக்கே வராது. அது இல்லாதவர்கள் ஒரு நாள்கூட அதை மறப்பதில்லை.

இந்த உறவு பெரும்பாலும் பிறக்கும்போதே வந்துவிடுகிறது. சில நாடுகள் 'எங்கள் மண்ணில் பிறந்தாயா, சரி, நீ எங்கள் குடிமகன்' என்கின்றன. அமெரிக்கா, கனடா, பிரேசில், அர்ஜென்டினா என அமெரிக்கக் கண்டங்களில் பல நாடுகள் நெடுங்காலமாக இந்த வழியில்தான் போகின்றன. வேறு நாடுகள் 'உன் பெற்றோர் எங்கள் குடிமக்களா?' என்று கேட்கின்றன. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இதுதான் அதிகம். பல நாடுகள் இரண்டையும் கலந்து வைத்திருக்கின்றன. இவை போக, வெளியிலிருந்து வந்து சில ஆண்டுகள் வாழ்ந்து, விண்ணப்பம் போட்டுக் குடியுரிமை வாங்கும் வழியும் எல்லா இடத்திலும் ஏதோ ஒரு வடிவில் உண்டு.

இந்த விதிகளெல்லாம் மனிதர்கள் கூடி எழுதியவை, அவர்களே அவ்வப்போது மாற்றுபவை. இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, இந்தியாவில் பிறந்த யாரும் இந்தியக் குடிமகன்தான். பிற்பாடு வந்த ஒரு திருத்தம், 1987 ஜூலை 1 முதல் பிறப்பவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்றது. 2004 டிசம்பர் 3 முதல் பிறப்பவர்களுக்கு விதி இன்னும் இறுகியது: ஒருவர் குடிமகனாக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கவும் கூடாது. ஆக, 1987 ஜூன் 30 இரவு பிறந்த குழந்தைக்கு ஒரு விதி, மறுநாள் காலையில் பிறந்த குழந்தைக்கு வேறு விதி. இரண்டு குழந்தைகளுக்கும் இடையில் வேறெந்த வித்தியாசமும் இல்லை.

பெண்களைப் பொறுத்தவரை இன்னும் மோசம். 1907இல் அமெரிக்கா கொண்டுவந்த ஒரு சட்டப்படி, வெளிநாட்டுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்ட அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்தாள். வெளிநாட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்ட அமெரிக்க ஆணுக்கு எதுவும் ஆகவில்லை. 1922இல்தான் அந்த விதியைப் பெருமளவு திருத்தினார்கள். இன்றைக்கும் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில், அப்பாவைப் போல அம்மாவால் தன் குடியுரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. 'ரத்தம்', 'மண்' என்று எவ்வளவு உணர்ச்சியோடு பேசினாலும், யாருடைய ரத்தம் கணக்கில் வரும், யாருடையது வராது என்று முடிவு செய்தது ஒரு சட்டசபைதான்.

இப்போது தேசிய அடையாளத்துக்கு வருவோம். ஒரு நாட்டில் பல கோடிப் பேர் இருப்பார்கள். அவர்களில் சில ஆயிரம் பேரைத் தவிர யாரையும் நாம் சந்திக்கப் போவதில்லை. ஆனாலும் அவர்கள் 'நம்மவர்கள்' என்று தோன்றுகிறது. பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகம், வரைபடம், கொடி, ஒரே நேரத்தில் எல்லோரும் கேட்ட வானொலிச் செய்தி, விளையாட்டுப் போட்டி, போர், பொதுவான துக்கம் எல்லாம் சேர்ந்து கட்டிய உணர்வு இது. பழங்காலத்திலிருந்தே இருப்பதுபோல் தோன்றினாலும் பெரும்பாலான நாடுகளில் இது இளையது. இத்தாலி ஒரே நாடானது 1861இல், ஜெர்மனி 1871இல். இத்தாலி ஒன்றானபோது இன்று நாம் இத்தாலிய மொழி என்று சொல்வதை அன்றாடம் பேசியவர்கள் மிகக் கொஞ்சம். மற்றவர்கள் அவரவர் வட்டார மொழியில் பேசினார்கள். நாடு முதலில் வந்தது, மொழியைப் பள்ளிக்கூடம் பிறகு பரப்பியது.

கட்டப்பட்டது என்பதால் அந்த உணர்வு பொய் என்று நான் சொல்லவில்லை. முகம் தெரியாத ஒருவருடைய பிள்ளையின் படிப்புக்காக நாம் வரி கட்டுகிறோம். எங்கோ வெள்ளம் வந்தால் நம் மனம் பதறுகிறது. இந்த ஒட்டுறவு இல்லாமல் ஒரு ஜனநாயகம் நடக்க முடியாது என்றே நான் நம்புகிறேன். ஆனால் 'நாம்' என்ற அந்த வட்டத்துக்குள் யாரை விடுவது என்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

பாடப் புத்தகங்கள் இதில் இரண்டு வகை சொல்லும். ஒரு வகையில், நாட்டின் சட்டத்தையும் அரசியல் நிறுவனங்களையும் ஏற்றுக்கொண்டவர் எவரும் அந்தத் தேசத்தவர். இதற்கு பிரான்சை உதாரணம் காட்டுவார்கள். மற்ற வகையில் வம்சம், மொழி, பண்பாடு, சில சமயம் மதம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். இதற்கு நெடுங்காலம் ஜெர்மனியை உதாரணம் காட்டினார்கள். ஆனால் எந்த நாடும் முழுக்க ஒரு வகையாக இருந்ததில்லை. இருந்தாலும் ஜெர்மனியின் உதாரணம் பார்க்கத் தகுந்தது. 1961இல் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு மேற்கு ஜெர்மனி தொழிலாளர்களை வரவழைத்தது. அவர்களை 'விருந்தினர் தொழிலாளர்' என்றே அழைத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அங்கேயே பிறந்து, ஜெர்மன் பேசி வளர்ந்தும், 1913ஆம் ஆண்டின் வம்சாவளிச் சட்டப்படி வெளிநாட்டவர்களாகவே இருந்தார்கள். அதே காலத்தில், பல தலைமுறைகளுக்கு முன் ரஷ்யாவில் குடியேறிய ஜெர்மன் வம்சத்தவர்கள் திரும்பி வந்தால், அவர்களில் பலருக்கு ஜெர்மன் மொழி சரியாகப் பேச வராவிட்டாலும், குடியுரிமை கிடைத்தது. 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த திருத்தம்தான், பெற்றோரில் ஒருவர் போதுமான காலம் சட்டப்படி அங்கே வாழ்ந்திருந்தால் அங்கே பிறக்கும் பிள்ளை ஜெர்மானியர் என்றது.

இந்த இரண்டு கேள்விகளும் மோதிக்கொள்ளும் இடத்தைப் புரிந்துகொள்ள, தமிழர்களான நமக்கு இலங்கையின் மலையகத்தைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து கண்டி மலைகளில் காப்பித் தோட்டங்களுக்கும், காப்பியை இலை நோய் அழித்த பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும், தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆட்களைக் கூட்டிப்போனார்கள். காட்டை வெட்டி, ரோடு போட்டு, அந்த நாட்டின் ஏற்றுமதி வருமானத்தையே தங்கள் முதுகில் சுமந்தவர்கள் இவர்கள். 1931இல் இலங்கைக்கு வயது வந்தோர் வாக்குரிமை வந்தபோது இவர்களில் பலரும் வாக்காளர்களானார்கள். 1947 தேர்தலில் இவர்களுடைய கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. வேறு சில தொகுதிகளில் இவர்களுடைய வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது.

1948 பிப்ரவரி 4 அன்று இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் 'இந்தியத் தமிழர்' என்ற வார்த்தையைத் தேடினால் கிடைக்காது. எல்லோருக்கும் பொதுவான விதி போலத்தான் எழுதியிருந்தார்கள். இலங்கையிலேயே பிறந்தவர்கூட, தன் தகப்பனார் இலங்கையில் பிறந்தவர் என்றோ, தகப்பனாரின் தகப்பனாரும் அவருக்கும் தகப்பனாரானவரும் இலங்கையில் பிறந்தவர்கள் என்றோ இருந்தால்தான் வம்சாவளிக் குடிமகன்.

இதைத் தோட்டத்து லயன் அறையில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், பிறந்த ஒருவரின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். தன் பிறப்புக்கே காகிதம் இருக்குமா என்பது சந்தேகம். அவருடைய தகப்பனார் பிறந்தபோது, பிறப்புப் பதிவு என்பதே சரிவர நடக்காத காலம். எழுதப் படிக்கத் தெரியாத குடும்பம். தோட்டம் மாறிப் போகும்போது கையில் ஒரு தகரப் பெட்டிகூட இருந்திருக்காது. இவரிடம் போய்த் தாத்தா பிறந்ததற்குச் சான்று கேட்டால் எங்கே போவார்? சிங்களக் கிராமத்து விவசாயியிடமும் அந்தச் சான்று இருந்திருக்காதுதான். ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் குடிமகன் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சட்டம் எல்லோருக்கும் பொது. சான்று கேட்கப்பட்டது ஒரு பகுதியினரிடம் மட்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். ஒரு குடியுரிமை விதி நியாயமானதா என்று தெரிந்துகொள்ள, அதில் எழுதியிருப்பதைப் படித்தால் மட்டும் போதாது. யாரிடம் சான்று கேட்கிறார்கள், யாரைக் கேட்காமலே நம்புகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வம்சத்தவர் விண்ணப்பிக்கலாம் என்று இன்னொரு சட்டம் வந்தது. தொடர்ந்து ஏழு அல்லது பத்து ஆண்டுகள் வாழ்ந்ததற்கும் போதிய வருமானம் இருப்பதற்கும் ஆதாரம் வேண்டும், விண்ணப்பிக்க இரண்டு ஆண்டு அவகாசம். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. கடைசியில் கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. அதே 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, குடிமக்களுக்கு மட்டுமே வாக்கு என்றார்கள். ஐந்தாண்டுக்கு முன் வரிசையில் நின்று வாக்களித்தவர்களுக்கு 1952 தேர்தலில் வாக்கு இல்லை.

அப்புறம் பேரம். 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம் என்றார்கள். 1974இல் அதையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பத்து லட்சம் பேரில் ஒருவரையும் உட்கார வைத்து 'உனக்கு எங்கே இருக்க ஆசை?' என்று ஒப்பந்தத்துக்கு முன்னால் யாரும் கேட்கவில்லை. மலையகத்திலிருந்து தலைமன்னார் துறைமுகத்துக்குப் போன ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று வந்ததால் ஸ்டேஷனில் எழுந்த அழுகை அது. இலங்கையில் 'கள்ளத்தோணி' என்று ஏசப்பட்டவர்கள், நீலகிரியிலும் கூடலூரிலும் வந்து இறங்கியதும் 'சிலோன்காரர்' ஆனார்கள். கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. ஆனால் அக்கம்பக்கத்தாரின் மனதிலிருந்த 'நம்ம ஆள்' என்ற படத்தில் அவர்கள் இங்கேயும் இல்லை.

2003இல்தான் இலங்கை நாடாளுமன்றம், 1964 அக்டோபர் 30 முதல் அங்கேயே வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய சந்ததிக்கும் குடியுரிமை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 1948இலிருந்து கணக்குப் போட்டால் 55 ஆண்டுகள். அந்த இடைவெளியில் பிறந்து, கொழுந்து பறித்து, நாடற்றவர்களாகவே செத்துப் போனவர்கள் எத்தனையோ பேர்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1948இல் சட்டத்துக்கு ஆதரவாகக் கைதூக்கிய தமிழர்களும் நாடாளுமன்றத்தில் இருந்தார்கள். 'இது தோட்டத்து ஆட்களின் பிரச்சினை, நம்முடையது இல்லை' என்று நினைத்தவர்கள் வெளியிலும் இருந்தார்கள். இந்தப் பிரச்சினையில் ஒத்துப்போக முடியாமல்தான் தமிழ்த் தலைவர் செல்வநாயகமும் தோழர்களும் தமிழ்க் காங்கிரஸ் கட்சியிலிருந்து பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. அப்போது பாதிக்கப்பட்ட இலங்கைத் தமிழர்களுடைய குடியுரிமையில் யாரும் சந்தேகம் கிளப்பவே முடியாது. ஆனாலும் சொந்த அரசாங்கத்துக் கடிதத்தைப் படிக்க வேறொருவர் உதவி வேண்டியதாயிற்று.

வெளிப்படையாகவே குடியுரிமையில் படி கட்டிய அரசுகளும் உண்டு. 1935 செப்டம்பரில் நாஜி ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. ஜெர்மன் ரத்தம் உள்ளவர் முழு உரிமையுள்ள 'ரைக் குடிமகன்'. யூதர்கள் அரசுக்குக் கட்டுப்பட்ட வெறும் பிரஜைகள். முதலில் படியிறக்கினார்கள். 1941இல் நாட்டை விட்டு வெளியேறிய யூதர்களிடமிருந்து அந்த வெறும் பிரஜை என்ற தகுதியையும் பறித்து, சொத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு நடந்த படுகொலை உலகறிந்தது. பர்மாவில் 1982ஆம் ஆண்டின் சட்டம் குடிமக்களை மூன்று தரமாகப் பிரித்தது. முதல் தரத்தில் இடம் பெற, உங்கள் இனம் 1823க்கு முன்பே அந்த மண்ணில் குடியிருந்திருக்க வேண்டும். ஏன் 1823? மறு ஆண்டு பிரிட்டிஷ் படையெடுப்பு தொடங்கியது. அதன் பின்னால் வந்தவர்கள் அந்நியர் என்று கணக்கு. அரசு ஏற்ற 135 இனங்களின் பட்டியலில் ரோஹிங்கியாக்கள் இல்லை. 2017 ஆகஸ்டில் தொடங்கிய ராணுவ நடவடிக்கையில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். டொமினிக்கன் குடியரசில் 2013இல் நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் 1929 வரை பின்னோக்கிப் போய், முக்கியமாக ஹைட்டி வம்சத்தவர்கள் பலருடைய குடியுரிமை செல்லாது என்றது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு ஆண்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ஆண்டை யார், எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று விசாரித்தாலே பாதிக் கதை புரிந்துவிடும்.

சட்டம் தெளிவாக உங்கள் பக்கம் இருந்தால் மட்டும் போதுமா? அமெரிக்காவின் கதை இதற்குப் பதில் சொல்லும். 1857இல் அங்கே உச்ச நீதிமன்றம், கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாகவே முடியாது என்று தீர்ப்பளித்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1868இல், அரசியலமைப்பின் 14ஆம் திருத்தம் அந்தத் தீர்ப்பை ஒழித்தது. அந்த நாட்டில் பிறந்து, அதன் சட்ட அதிகாரத்துக்கு உட்பட்ட எல்லோரும் குடிமக்கள். வோங் கிம் ஆர்க் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர், சமையல் வேலை செய்தவர். 1895இல் சீனாவுக்குப் போய்த் திரும்பியபோது, நீ குடிமகன் இல்லை என்று துறைமுகத்திலேயே நிறுத்தி, மாதக்கணக்கில் கப்பல்களில் காவலில் வைத்தார்கள். அவருடைய பெற்றோர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே முடியாதபடி அன்று சீனர்களுக்கு எதிரான சட்டம் இருந்தது. 1898இல் உச்ச நீதிமன்றம், இங்கே பிறந்தவர் இங்கத்துக் குடிமகன்தான் என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இவ்வளவு உறுதியான சட்டம் இருந்தும் 1942இல் என்ன நடந்தது? அதற்கு முந்தைய டிசம்பரில், 1941இல், ஜப்பான் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரைத் தாக்கியிருந்தது. சில வாரங்களில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சத்தவர்களை முள்வேலி போட்ட முகாம்களுக்கு அனுப்பினார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அங்கேயே பிறந்த அமெரிக்கக் குடிமக்கள். ஜெர்மனியோடும் இத்தாலியோடும்கூட அமெரிக்கா போரில்தான் இருந்தது. ஆனால் அந்த வம்சத்தவர்களை இப்படி ஒட்டுமொத்தமாக அள்ளிக்கொண்டு போகவில்லை.

முகாமில் 1943இல் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். அதில் 28ஆம் கேள்வி, ஜப்பானியப் பேரரசருக்கான விசுவாசத்தைக் கைவிடுவாயா என்று கேட்டது. அமெரிக்காவில் பிறந்த இளைஞன் என்ன எழுதுவான்? 'ஆம்' என்றால் இதுவரை அந்த விசுவாசம் இருந்தது என்று ஒப்புக்கொண்டதுபோல் ஆகும். 'இல்லை' என்றால் துரோகி. அவனுடைய அப்பாவுக்கு இன்னும் பெரிய இக்கட்டு. ஜப்பானில் பிறந்த அவரை அமெரிக்கக் குடிமகனாக்கச் சட்டம் மறுத்திருந்தது. ஜப்பானையும் கைவிட்டால் அவர் எந்த நாட்டுக்காரர்? அந்த முகாம்களிலிருந்து போன இளைஞர்களும் சேர்ந்த 442ஆம் படைப்பிரிவு ஐரோப்பாவில் அமெரிக்காவுக்காக ரத்தம் சிந்தியது. பெற்றோர் முள்வேலிக்குள்ளேயே இருந்தார்கள். 1988இல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது.

விசுவாசத்தை அளக்கும் சோதனைகள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் முடிகின்றன. 1990இல் நார்மன் டெபிட் என்ற பிரிட்டிஷ் அரசியல்வாதி, ஆசியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் கிரிக்கெட்டில் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்று பாருங்கள் என்றார். கிரிக்கெட்டே பார்க்காத வெள்ளைக்காரர் இந்தச் சோதனையில் தேறினாரா தோற்றாரா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சோதனை அவருக்கானதே இல்லை.

காகிதத்திலும் இதே கதைதான். 1948இல் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் வந்த காலத்திலிருந்து கரீபியன் தீவுகளிலிருந்து பிரிட்டனுக்குப் பல்லாயிரம் பேர் வந்தார்கள். பிரிட்டன் அன்று ஆண்ட பகுதிகளின் பிரஜைகள் என்ற முறையில், வரவும் வாழவும் அவர்களுக்கு முழு உரிமை இருந்தது. பலர் பெற்றோரின் பாஸ்போர்ட்டில் பெயர் எழுதி வந்த சிறு பிள்ளைகள். அவர்களுக்குத் தனிக் காகிதம் எதையும் யாரும் கொடுக்கவில்லை. 2012க்குப் பிறகு விதிகள் இறுகி, வேலை கொடுப்பவரும் வீடு வாடகைக்கு விடுபவரும் குடியேற்ற ஆவணம் பார்க்க வேண்டும் என்றானபோது, ஐம்பது ஆண்டுகள் வரி கட்டியவர்களிடம் வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஆதாரம் கேட்டார்கள். அவர்கள் வந்து இறங்கியதைக் காட்டக்கூடிய பதிவு அட்டைகளை உள்துறை அமைச்சகமே 2010இல் அழித்துவிட்டிருந்தது. வேலை போனது, சிகிச்சை மறுக்கப்பட்டது, சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். 2018இல் விஷயம் வெடித்த பிறகுதான் அரசு மன்னிப்புக் கேட்டது. அசாமில் 2019 ஆகஸ்டில் வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியலில் சுமார் 19 லட்சம் பேரின் பெயர் இல்லை. 1971 மார்ச் 25க்கு முன்பிருந்தே அங்கே வாழ்ந்த குடும்பம் என்று பழைய ஆவணங்களால் காட்ட வேண்டியிருந்தது. ஆவணத்துக்கு ஆவணம் பெயரின் எழுத்து மாறியிருந்தாலே ஏழை எளியவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

ஒரு நியாயமான எதிர்க்கேள்வியைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. ஒரு நாட்டுக்கு எல்லை வேண்டாமா? புதிதாகச் சேர்பவரிடம் மொழி தெரியுமா, சட்டம் தெரியுமா என்று கேட்கக் கூடாதா? கேட்கலாம். பல நாடுகள் கேட்கின்றன. நிபந்தனைகள் எல்லோருக்கும் ஒன்றாகவும், முயன்றால் நிறைவேற்றக்கூடியவையாகவும் இருந்தால் அதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்விகள் வாசலில் நிற்பவருக்கானவை. உள்ளே பிறந்து வளர்ந்தவரை வாரம் ஒருமுறை வாசலுக்குக் கூட்டிவந்து அதே கேள்விகளைக் கேட்பது அவமானப்படுத்துவதே. அதே மாதிரி, நாட்டின் மீது பாசம் இருக்க வேண்டும் என்று ஆசைப்படலாம். பாசத்தைக் குடியுரிமைக்கு நிபந்தனையாக வைக்க முடியாது, ஏனென்றால் அதை அளக்கும் கோல் எப்போதும் பெரும்பான்மையின் கையில்தான் இருக்கும். அரசாங்கத்தைக் கடுமையாக விமர்சிப்பவர், தேசிய விழாவில் கலந்துகொள்ளாதவர், வேறு மொழியில் கனவு காண்பவர் எல்லோருமே முழுக் குடிமக்கள்தான். ஒரு நாட்டைத் திருத்தியவர்களின் வரலாற்றைப் பார்த்தால், அவர்களில் பலரை அவர்கள் காலத்தில் துரோகி என்று சொல்லியிருக்கிறார்கள்.

குடியுரிமை போனால் என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்த நாடும் தன் குடிமகன் என்று ஏற்காதவரை நாடற்றவர் என்கிறார்கள். இவர்களைப் பாதுகாக்க 1954இலும், இந்த நிலையைக் குறைக்க 1961இலும் சர்வதேச உடன்படிக்கைகள் எழுதப்பட்டன. ஐ.நா. அகதிகள் அமைப்பின் கணக்குப்படியே உலகில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி இருக்கிறார்கள். பல நாடுகள் கணக்கே எடுக்காததால் உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதல். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, வங்கிக் கணக்கு திறக்க, ஒரு சிம் கார்டு வாங்க, கல்யாணத்தைப் பதிவு செய்ய, இறந்தவருக்குச் சான்றிதழ் வாங்க என எந்த ஜன்னலுக்குப் போனாலும் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவார்கள். பெற்றோர் நாடற்றவர் என்றால் பல இடங்களில் பிள்ளையும் அப்படியே பிறக்கிறது.

ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை பெற உரிமை உண்டு, அதை யாரிடமிருந்தும் தன்னிச்சையாகப் பறிக்கக் கூடாது என்று உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. அது ஏற்கப்பட்ட நாள் 1948 டிசம்பர் 10. இலங்கையின் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு நவம்பர் 15. இருபத்தைந்து நாள் இடைவெளியில் உலகம் ஒன்றைச் சொன்னது, ஒரு நாடு இன்னொன்றைச் செய்தது. பிரகடனத்தைக் காட்டி வழக்குப் போட ஒரு நீதிமன்றம் இல்லை. அதனால் காவல் உள்நாட்டில்தான் இருக்க வேண்டும்.

அடுத்த முறை ஏதாவது ஒரு நாட்டில் புதிய குடியுரிமைச் சட்டம் என்று செய்தி வந்தால், முன்னுரையில் உள்ள பெரிய வார்த்தைகளைத் தாண்டிப் போய்ச் சில விஷயங்களைத் தேடுங்கள். எந்தத் தேதியைக் கோடாக வைத்திருக்கிறார்கள்? கேட்கும் ஆவணம் ஏழையிடம் இருக்கக்கூடியதா? இவர் குடிமகன் இல்லை என்று அரசு நிரூபிக்க வேண்டுமா, குடிமகன்தான் என்று அவர் நிரூபிக்க வேண்டுமா? ஓர் அதிகாரி மறுத்தால் நீதிமன்றம் போக வழியுண்டா? அப்புறம், மறுக்கப்பட்டவரை ஏற்றுக்கொள்ள வேறு நாடு எதுவும் இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லையென்றால், அந்தச் சட்டம் நாடற்றவர்களை உருவாக்கப் போகிறது.